ட்ரிக்கர் லேசா இருந்தா நல்லதா? உரிமம் பெற்ற கைத்துப்பாக்கி முதல் கல்வராயன் மலை நாட்டுத்துப்பாக்கி வரை... முழு விளக்கம்

கள்ளக்குறிச்சி மாவட்டத்தில், கல்வராயன் மலையின் அடிவாரத்தில் இருக்கும் பேரூராட்சி வடக்கனந்தல். பக்கத்திலேயே கோமுகி அணை, அதைத் தாண்டினால் மலை. மக்காச்சோளமும் மரவள்ளியும் விளையும் இந்தப் பகுதியில் காட்டுப்பன்றித் தொல்லை பற்றிய பேச்சு எப்போதும் உண்டு. மலைப்பகுதியில் 'நாட்டுத்துப்பாக்கி பறிமுதல்' என்ற செய்தியும் அவ்வப்போது வரும்.

இன்னொரு பக்கம், தற்காப்புக்காக உரிமம் எடுத்து சிறிய ரிவால்வரோ பிஸ்டலோ வாங்க நினைப்பவர்களும் இருக்கிறார்கள். 'எந்தத் துப்பாக்கியோட ட்ரிக்கர் நல்லா இருக்கும், எது மக்கர் பண்ணாது?' என்பதுதான் அவர்கள் கேட்கும் முதல் கேள்வி. விடை எளிதாகத் தெரிந்தாலும், அதில் உயிர் சம்பந்தப்பட்ட விஷயம் அடங்கியிருக்கிறது.

ட்ரிக்கர் அழுத்தம் என்றால் என்ன?

துப்பாக்கி சுட, விசையை விரலால் எவ்வளவு பலத்தோடு இழுக்க வேண்டும் என்பதுதான் ட்ரிக்கர் அழுத்தம். இதை கிலோ கணக்கில் அளப்பார்கள். சிறிய கைத்துப்பாக்கிகளில் இது பெரும்பாலும் இரண்டு வகையாக இருக்கும்.

* டபுள் ஆக்‌ஷன்: ஒரே இழுப்பில் சுத்தியல் பின்னால் போய், பிறகு விடுபட்டு தோட்டாவை அடிக்கும். ரிவால்வர் என்றால் சிலிண்டரும் அதே இழுப்பில் சுழலும். இத்தனை வேலையையும் விரலே செய்வதால் இழுப்பு நீளமாகவும் கனமாகவும் இருக்கும். பொதுவாக 4.5 முதல் 5.5 கிலோ வரை.
* சிங்கிள் ஆக்‌ஷன்: சுத்தியல் முன்கூட்டியே பின்னால் இழுத்து வைக்கப்பட்டிருக்கும். விசை அதை விடுவித்தால் போதும். பொதுவாக 1.5 முதல் 2.5 கிலோ. சின்ன அசைவிலேயே வெடித்துவிடும்.

லேசான ட்ரிக்கரில் குறி அதிகம் விலகாது. கனமான ட்ரிக்கரில் இழுக்கும்போதே கை ஆடி, குண்டு இலக்கைத் தாண்டிப் போகலாம். 'அப்போ லேசானதுதானே நல்லது?' என்று தோன்றும். ஆனால் விஷயம் அவ்வளவு சுலபம் இல்லை.

நியூயார்க் போலீஸ் கற்ற பாடம்

தவறுதலாக வெடிப்பதைத் தடுக்க, நியூயார்க் நகர போலீஸ் தன் பிஸ்டல்களில் வேண்டுமென்றே கனமான ட்ரிக்கரைப் பொருத்தியது. அதன் அழுத்தம் 12 பவுண்ட், அதாவது சுமார் 5.4 கிலோ. சாதாரண கிளாக் பிஸ்டலில் இருப்பதைப் போல இது ஏறக்குறைய இரண்டு மடங்கு.

அதே போலீஸைப் பற்றி ரேண்ட் நிறுவனம் 2008-ல் ஓர் ஆய்வறிக்கை வெளியிட்டது. 1998 முதல் 2006 வரை நடந்த துப்பாக்கிச் சண்டைகளில் போலீஸார் சுட்டதில் சராசரியாக 18 சதவீதம்தான் இலக்கில் பட்டது என்கிறது அந்த அறிக்கை. இதற்கு ட்ரிக்கர் மட்டுமே காரணம் என்று சொல்ல முடியாது. பதற்றம், இருட்டு, ஓட்டம் எல்லாம் சேர்ந்துதான். பயிற்சி பெற்ற போலீஸுக்கே நிலைமை இதுவென்றால், வருஷத்தில் ஒருமுறைகூட சுட்டுப் பழகாத ஒருவரின் கையில் என்ன ஆகும் என்று யோசித்துப் பார்க்கலாம். மீதிக் குண்டுகள் வேறு எங்கேயோ போய்ப் படுகின்றன என்பதுதான் இதில் கவலை.

இந்தியாவில் என்னென்ன கிடைக்கும்?

9 எம்.எம். போன்ற ரகங்கள் தடை செய்யப்பட்ட வகையில் வருகின்றன. அதனால் சினிமாவில் பார்க்கும் 9 எம்.எம். பிஸ்டல்கள் பொதுமக்களுக்குக் கிடைக்காது. உரிமம் பெற்றவர்கள் பெரும்பாலும் வாங்குவது .32 ரகம்.

* நிர்பீக்: கான்பூர் ஆயுதத் தொழிற்சாலை 2014 ஜனவரியில் அறிமுகம் செய்த .32 ரிவால்வர். பெண்களுக்கானது என்று விளம்பரப்படுத்தப்பட்டது. எடை சுமார் அரை கிலோ. அறிமுக விலை ரூ.1,22,360. நடுவில் மடக்கித் திறந்து தோட்டா போடும் பழைய பாணி. கைப்பையில் வைக்க வசதி. ஆனால் எடை குறைந்தால் அதிர்வைக் கைதான் வாங்க வேண்டும்.
* பிரபல்: மத்திய அரசின் ஏ.டபிள்யூ.இ.ஐ.எல் நிறுவனம் 2023 ஆகஸ்டில் கொண்டுவந்த .32 ரிவால்வர். 76 மி.மீ. குழல், தோட்டா இல்லாமல் சுமார் 700 கிராம் எடை. 50 மீட்டர் வரை சுடும் என்கிறது நிறுவனம். சிலிண்டர் பக்கவாட்டில் திறக்கும். சட்டம் இரண்டாக மடங்காததால் கீல் தளர்ந்துபோகும் பிரச்னை இல்லை. திருச்சி துப்பாக்கித் தொழிற்சாலையும் 2021 அக்டோபர் முதல் இதே நிறுவனத்தின் கீழ்தான் இயங்குகிறது.
* அஷானி: மேகசின் போடும் .32 பிஸ்டல். தட்டையாக இருப்பதால் இடுப்பில் வைத்தால் வெளியே தெரியாது. முதல் தோட்டாவை ஏற்றி, சேஃப்டியை விடுவித்த பிறகே சுட முடியும். பதற்றத்தில் இந்த இரண்டு வேலையையும் மறப்பவர்கள் அதிகம்.

மக்கர் பண்ணாதது எது?

ரிவால்வரில் ஒரு தோட்டா வெடிக்காவிட்டால், விசையை மறுபடி இழுத்தால் போதும். சிலிண்டர் சுழன்று அடுத்த தோட்டா வந்துவிடும். பிஸ்டலில் அப்படி இல்லை. வெடிக்காத தோட்டாவைக் கையால் இழுத்து வெளியேற்ற வேண்டும். பிடி தளர்வாக இருந்தாலே காலித் தோட்டா சிக்கிக்கொள்ளும். மேகசின் ஸ்பிரிங் சோர்ந்தாலும் சிக்கும்.

அதனால்தான் பழக்கம் குறைந்தவர்களுக்கு ரிவால்வரே நல்லது என்று சொல்வது உண்டு. கனமான இழுப்பு குறியைக் கொஞ்சம் கெடுத்தாலும், தவறுதலாக வெடிக்கும் வாய்ப்பைக் குறைக்கிறது. ஆனால் ரிவால்வருக்கும் ஒரு பலவீனம் உண்டு. கீழே விழுந்து சிலிண்டர் அச்சு வளைந்தால் அந்த இடத்தில் சரிசெய்ய முடியாது.

பெரிய கம்பெனி என்பதற்காகவே நம்பிவிடவும் கூடாது. சிக் சாவர் நிறுவனத்தின் பி320 பிஸ்டல் சில கோணங்களில் கீழே விழுந்தால் தானாக வெடிக்கலாம் என்று 2017-ல் தெரியவந்தது. நிறுவனம் ட்ரிக்கர் பாகங்களை இலவசமாக மாற்றித்தர வேண்டியதாயிற்று.

நம் ஊரில் துப்பாக்கி சுடாமல் போவதற்கான காரணங்கள் பெரும்பாலும் சாதாரணமானவை. பீரோவுக்குள் பல வருஷம் கிடந்த தோட்டா, ஈரக்காற்றில் பிடித்த துரு, பாக்கெட்டில் சேர்ந்த தூசி. எந்த மாடல் என்பதைவிட, எப்படிப் பராமரிக்கிறோம் என்பதே முக்கியம்.

நாட்டுத்துப்பாக்கி ஏன் இத்தனை ஆபத்து?

இந்தக் கணக்கு எதுவுமே பொருந்தாத ஆயுதம் அது. குழல் வழியாக கரிமருந்தும் பால்ரஸ் குண்டுகளும் திணிக்கப்படும் நாட்டுத்துப்பாக்கியில் ட்ரிக்கர் அழுத்தத்துக்கு அளவே கிடையாது. சுத்தியலைப் பிடித்து நிற்கும் கொக்கி தேய்ந்திருந்தால், தோளில் மாட்டி நடக்கும்போதோ, முள்ளில் உரசும்போதோ வெடிக்கலாம்.

அதைவிட மோசமானது தாமதமாக வெடிப்பது. மருந்து ஈரமாக இருந்தால், விசையை இழுத்த பிறகு சில நொடிகள் கழித்து வெடிக்கக்கூடும். 'வெடிக்கலையே' என்று குழலை எட்டிப் பார்ப்பவரின் முகத்தில்தான் அது வெடிக்கும். மருந்து அளவு கூடிப்போனால் குழலே பிளந்துவிடும். இருட்டில் அசைவைப் பார்த்து பன்றி என்று சுட்டு, மனிதர் மேல் பட்டால் பிறகு எதையும் திருத்த முடியாது.

சட்டம் என்ன சொல்கிறது?

* உரிமம் இல்லாமல் துப்பாக்கி வைத்திருந்தால் 2 முதல் 5 ஆண்டு வரை சிறை. 2019 திருத்தத்தில் தண்டனை கூட்டப்பட்டது. அனுமதியின்றி தயாரித்தாலும் விற்றாலும் 7 ஆண்டு முதல் ஆயுள் வரை.
* ஒருவர் அதிகபட்சம் 2 துப்பாக்கிதான் வைத்திருக்கலாம். உரிமம் 5 ஆண்டுக்குச் செல்லும்.
* விண்ணப்பிப்பவருக்கு 21 வயது நிறைந்திருக்க வேண்டும். மாவட்டங்களில் கலெக்டர் அலுவலகத்தில் விண்ணப்பிக்கலாம். போலீஸ் விசாரணை உண்டு. பாதுகாப்பாகக் கையாளும் பயிற்சிச் சான்றும் தேவை.
* திருமணம், திருவிழாவில் கொண்டாட்டத்துக்காக அஜாக்கிரதையாகச் சுட்டு மற்றவர் உயிருக்கு ஆபத்து ஏற்படுத்தினால் 2 ஆண்டு வரை சிறை, அல்லது ரூ.1 லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும்.

பலருக்குத் தெரியாத ஒன்றும் இருக்கிறது. 1959 ஆயுதச் சட்டத்தின் 13-வது பிரிவு, உண்மையான பயிர்ப் பாதுகாப்புக்காக குழல் வழி மருந்திடும் துப்பாக்கிக்கு உரிமம் வழங்க இடம் தருகிறது. அதாவது விவசாயிக்குச் சட்டப்படியான ஒரு வழி இருக்கிறது. ஆனால் உரிமம் இருப்பதாலேயே வனவிலங்கைச் சுட்டுவிட முடியாது. அதற்கு 1972 வனவிலங்கு பாதுகாப்புச் சட்டம் தனியாக இருக்கிறது.

காட்டுப்பன்றி விஷயத்தில் தமிழக அரசு 2025 ஜனவரியில் ஒரு நடைமுறையை அறிவித்தது. காப்புக்காட்டிலிருந்து 1 கி.மீ. வரை சுடக் கூடாது. 1 முதல் 3 கி.மீ. வரை பிடித்துக் காட்டில் விட வேண்டும். 3 கி.மீ.க்கு அப்பால் வனத்துறையினர் சுடலாம். சுடுவது வனத்துறை மட்டுமே, விவசாயி அல்ல. மலையை ஒட்டிய வயல்களுக்கு இதனால் எவ்வளவு பலன் என்பது தூரக் கணக்கைப் பொறுத்தது. அடிவார விவசாயிகளின் வயல் பெரும்பாலும் காட்டுக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது.

என்ன செய்யலாம்?

உரிமம் எடுக்க நினைப்பவர்கள் ட்ரிக்கரைவிட முதலில் பார்க்க வேண்டியது மூன்று விஷயம். கை அளவுக்குப் பொருந்துகிறதா? முறையாகச் சுட்டுப் பழக இடம் இருக்கிறதா? வீட்டில் குழந்தைகள் கைக்கு எட்டாமல் பூட்டி வைக்க முடியுமா? மூன்றில் ஒன்றுக்கு 'இல்லை' என்றாலும் துப்பாக்கி வேண்டாம்.

வீட்டில் பழைய நாட்டுத்துப்பாக்கி இருந்தால், தாத்தா காலத்துப் பொருள் என்று பரணில் வைத்திருப்பது குற்றம்தான். மலைக் கிராமங்களில் போலீஸார் அவ்வப்போது கெடு அறிவித்து, தாமாக ஒப்படைக்கச் சொல்வது வழக்கம். அந்த நேரத்தில் ஊர்த் தலைவர் அல்லது கிராம நிர்வாக அலுவலர் மூலம் ஒப்படைத்துவிடுவது நல்லது. பயிர் சேதம் என்றால் புகைப்படத்தோடு வனத்துறையில் இழப்பீட்டுக்கு மனு கொடுக்கலாம். இழப்பீடு வர நாளாகலாம். ஆனாலும் தேய்ந்த கொக்கியை நம்பி ராத்திரி வயலுக்குப் போவதைவிட அது மேல்.