மதிலுக்கு வெளியே போன வேலை

அமெரிக்காவின் பழைய தொழில் நகரங்களும் தொழிற்சங்கங்களும் சரிந்த கதைக்கு நாள் குறித்துச் சொல்ல முடியும். 1977 செப்டம்பர் 19 அன்று ஒஹையோ மாநிலத்தின் யங்ஸ்டவுனில் ஒரு பெரிய எஃகாலையை மூடப்போவதாக அறிவித்தார்கள். ஏறத்தாழ 5,000 பேருக்கு வேலை போனது. அந்த ஊர் அந்த நாளைக் கறுப்புத் திங்கள் என்று அழைக்கிறது. 1981 ஆகஸ்டில், வேலைநிறுத்தம் செய்த விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டு ஊழியர்கள் 11,000 பேருக்கு மேற்பட்டோரை அதிபர் ரீகன் வேலையிலிருந்து நீக்கினார். அதே காலத்தில் வடசென்னையின் ராயபுரம் கல்மண்டபத்தைச் சுற்றிய தெருக்களிலும் ஒரு தொழிலாளர் சமூகம் குலையத் தொடங்கியது. அதற்கு நாளும் இல்லை, பெயரும் இல்லை. 1996ல் பெரம்பூர் பின்னி மில் மூடியதைப் பேசுகிறோம். சென்னைத் துறைமுகத்தின் ஹார்பர் வேலை போனதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. அங்கே யாரையும் வாசலில் நிறுத்திக் கணக்கு முடித்து அனுப்பவில்லை. வேலை துறைமுக மதிலைத் தாண்டி வெளியே போனது. அதற்குத் துணையாக இருந்த சட்டம் மதிலோடு நின்றுவிட்டது. வடசென்னையின் சரிவுக்கு இயந்திரத்தைவிட இந்த இடமாற்றமே பெரிய காரணம் என்பது என் வாதம்.

இந்தப் பகுதிக்கு இது முதல் அடி அல்ல. ராயபுரத்துக்குப் பெயர் தந்த புனித இராயப்பர் ஆலயத்தை 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் கட்டியவர்கள் படகுக்காரர்கள். தள்ளிக் கடலில் நின்ற கப்பல்களுக்கும் கரைக்கும் இடையே, கயிற்றால் பலகை தைத்த மசூலா படகுகளில் சரக்கும் ஆளும் ஏற்றிப் பிழைத்த சமூகம் அது. கடலுக்குள் நீண்ட இரும்புப் பாலமும் அதன் பிறகு செயற்கைத் துறைமுகமும் வந்ததும் அந்தத் தொழில் தேய்ந்தது. அதன் இடத்தில் எழுந்ததுதான் மூட்டை தூக்கும் ஹார்பர் வேலை. விடியற்காலையில் வாசலில் கூடி நிற்கும் கூட்டத்திலிருந்து மேஸ்திரி கைகாட்டியவருக்கு மட்டும் அன்று கூலி; மற்றவர்கள் வெறுங்கையோடு வீடு திரும்ப வேண்டும். 1948ஆம் ஆண்டின் கப்பல்துறைத் தொழிலாளர் (வேலை ஒழுங்குமுறை) சட்டமும், அதன்படி 1950களில் அமைந்த சென்னை கப்பல்துறைத் தொழிலாளர் வாரியமும் இந்த நிலையை மாற்றின. தொழிலாளியின் பெயர் பதிவேட்டில் ஏறியது. வேலை முறைவைத்துப் பகிரப்பட்டது. வந்து நின்றும் வேலை கிடைக்காத நாளுக்கு வருகைப்படி, மாதத்தில் குறைந்தபட்ச நாட்களுக்கு உறுதியான கூலி, வைப்பு நிதி எல்லாம் வந்தன. பதிவேட்டில் பெயர் ஏறியது அரசியல் பலத்தையும் தந்தது. யாழ்ப்பாணத்திலிருந்து வந்து, 1947ல் பின்னி மில் வேலைநிறுத்தத்தை நடத்தி, துறைமுகச் சங்கத்துக்கும் தலைமை தாங்கிய எஸ்.சி.சி. அந்தோணிப்பிள்ளை, 1957ல் வடசென்னையிலிருந்து நாடாளுமன்றம் போனதை அந்தப் பலத்தோடு சேர்த்துத்தான் பார்க்க வேண்டும்.

அந்தப் பலத்தைக் கரைக்கும் மாற்றம் அதற்குள் அமெரிக்காவில் தொடங்கியிருந்தது. 1956 ஏப்ரலில் நியூவார்க்கிலிருந்து 58 கன்டெய்னர் பெட்டிகளோடு ஐடியல் எக்ஸ் கப்பல் புறப்பட்டபோது, உதிரிச் சரக்கை ஏற்ற டன்னுக்கு 5.83 டாலர் ஆனது. பெட்டியில் ஏற்ற ஆன செலவு 16 சென்ட்டுக்கும் குறைவு. இந்தக் கணக்குக்கு முன்னால் எந்தச் சங்கமும் நிற்க முடியாது. அமெரிக்கச் சங்கங்கள் அதைப் புரிந்துகொண்டு, இயந்திரத்துக்கு விலை பேசின. மேற்குக் கரையில் சங்கத் தலைவர் ஹாரி பிரிட்ஜஸ் 1960ல் செய்த ஒப்பந்தப்படி முதலாளிகள் ஆண்டுக்கு 50 லட்சம் டாலர் தொழிலாளர் நிதிக்குச் செலுத்தினார்கள். நியூயார்க்கில் 1960களின் நடுவில், வேலை இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஆண்டுக்கு 1,600 மணி நேரக் கூலி உறுதியானது. நம் ஊருக்கு இவற்றைவிட முக்கியமான பாடம் இன்னொன்று. துறைமுகத்திலிருந்து 50 மைலுக்குள் பல பேருடைய சரக்கைச் சேர்த்துப் பெட்டியில் அடுக்குவதும் பிரிப்பதும் துறைமுகத் தொழிலாளியின் வேலைதான் என்று கிழக்குக் கரைச் சங்கம் ஒப்பந்தத்தில் எழுதி வாங்கியது. வழக்கு உச்ச நீதிமன்றம்வரை போனது. 1985ல் அந்த விதி செல்லும் என்றே தீர்ப்பு வந்தது. வேலை எங்கே ஓடும் என்பதை அந்தச் சங்கம் முன்கூட்டியே கண்டுகொண்டிருந்தது.

சென்னைத் துறைமுகத்தில் கன்டெய்னர் முனையம் 1983 டிசம்பரில் இயங்கத் தொடங்கியது. 2001ல் தனியார் கைக்குப் போனது. கப்பலின் வயிற்றுக்குள் நடந்த வேலை கிரேனுக்குப் போனது உண்மைதான். ஆனால் பெட்டிக்குள்ளே தோல் பொருளையும் துணிப் பொதியையும் அடுக்குவது இன்றும் பெரும்பாலும் மனிதக் கைதான். அந்த வேலை மணலி, மாதவரம், திருவொற்றியூர்ப் பக்கத்துக் கன்டெய்னர் கிடங்குகளுக்கு நகர்ந்தது. அங்கே பதிவேடு இல்லை, ஒப்பந்தக்காரர்தான் உண்டு. பழைய மேஸ்திரியின் இடம் மறுபடி நிரம்பியது. இதில் என்னை மிகவும் உறுத்துவது, கிடங்குத் தொழிலாளரைப் பதிவேட்டில் சேர்க்க 1948 சட்டம் இடம் தரவில்லை என்று சொல்லிவிட முடியாது என்பதே. கப்பல்துறைத் தொழிலாளி யார் என்று சொல்லும்போது, துறைமுகத்திலோ அதன் அண்மையிலோ சரக்கை ஏற்றி, இறக்கி, நகர்த்தி, சேமிக்கும் வேலை செய்பவர் என்று அச்சட்டம் சேர்த்தே சொல்லியிருந்தது. மணலி துறைமுகத்துக்கு அண்மையில் இல்லை என்று யார் சொல்ல முடியும்? அந்தச் சொல்லின் பலத்தைக் கிடங்குவரை நீட்டுவதற்குப் பதிலாக, 1997ல் நாடாளுமன்றம் பெருந்துறைமுகங்களில் அந்தச் சட்டத்தையே விலக்கிக்கொள்ள வழி செய்தது. வாரியத் தொழிலாளர்கள் துறைமுக நிர்வாகத்தோடு இணைக்கப்பட்டார்கள். பதிவேட்டில் இருந்தவர் ஓய்வூதியத்தோடு கௌரவமாக வெளியேறினார். அவர் விட்டுப்போன இடம் நிரப்பப்படவில்லை. சட்டப்படி யாருக்கும் அநீதி நடக்கவில்லை, ஆனால் ஒரு தலைமுறைக்குள் அந்த வேலை பேட்டையை விட்டுப் போய்விட்டது.

துறைமுகம் வளர்ந்ததே, அது நன்மை இல்லையா என்று கேட்கலாம். வளர்ந்தது, கன்டெய்னர் இல்லாமல் ஸ்ரீபெரும்புதூர்க் கார் ஆலைகளும் இல்லை. அந்த வளர்ச்சியின் சுமை யார் மேல் இறங்கியது என்பதே கேள்வி. டிரெய்லர் லாரி வரிசை திருவொற்றியூர் நெடுஞ்சாலையிலும் எண்ணூர் விரைவுச் சாலையிலும் நின்றது. நிலக்கரியும் இரும்புத்தாதும் கிளப்பிய தூசு ராயபுரம் வீடுகளில் படிந்தது. 2011ல் சென்னை உயர் நீதிமன்றம் தலையிட்ட பிறகே அது நின்றது. மூட்டை தூக்குவது முதுகை முறிக்கும் தொழில், பிள்ளைகள் அதிலிருந்து தப்பியது நல்லதுதானே என்பது இதைவிட வலுவான மறுப்பு. அந்தத் தொழிலுக்காக நான் ஏங்கவில்லை. ஆனால் கிடங்கில் இன்றும் முதுகில்தான் சுமக்கிறார்கள். பளு இருக்கிறது, வைப்பு நிதியும் வருகைப்படியும்தான் போய்விட்டன. சங்கங்களே தொழிலை விரட்டின என்பது அடிக்கடி கேட்கும் குற்றச்சாட்டு. 1948ல் தொடங்கிய அசோக் லேலண்ட் நிறுவனத்தின் எண்ணூர் ஆலை வலுவான சங்கத்தோடு இன்றும் ஓடுகிறது. ஸ்ரீபெரும்புதூரில் 2006ல் திறந்த நோக்கியா ஆலை 2014 நவம்பரில் நின்றது. அதை நிறுத்தியவை வரி வழக்கும் நிறுவனத்தின் சந்தைச் சரிவும்தான். தவறே செய்யாத சங்கம் கிடையாது. இருந்தாலும் பின்னி மில்லின் முடிவைச் சங்கத்தின் கணக்கில் மட்டும் எழுதுவது, விசைத்தறியும் பழைய இயந்திரங்களும் நாடு முழுவதும் நூற்பும் நெசவும் சேர்ந்த கூட்டு மில்களைச் சாய்த்ததை மறைப்பதாகும்.

செய்யக்கூடியது இன்னும் இருக்கிறது. மும்பையின் சுமை தூக்கும் மாத்தாடித் தொழிலாளர்களுக்காக 1969ல் மகாராஷ்டிரா கொண்டுவந்த சட்டம், இதே போன்ற பதிவேட்டு முறையைச் சந்தைக்கும் கிடங்குக்கும் விரித்தது. தமிழ்நாட்டிலும் 1982ஆம் ஆண்டின் உடலுழைப்புத் தொழிலாளர் சட்டம் இருக்கிறது. அதன் தலைப்பிலேயே வேலை ஒழுங்குமுறை உண்டு. நடைமுறையிலோ அதன் நல வாரியங்கள் கல்வி, திருமணம், மரணம் போன்றவற்றுக்கான உதவித்தொகையோடு நின்றுவிட்டன. அந்தச் சட்டத்தின் கீழ் மணலி, மாதவரம் கன்டெய்னர் கிடங்குகளுக்கு ஒரு பதிவேடு திறக்க வேண்டும். கிடங்கு நடத்துபவர் ஒவ்வொரு பெட்டிக்கும் ஒரு தொகை செலுத்த வேண்டும். அந்தத் தொகையிலிருந்து வருகைப்படியும் வைப்பு நிதியும் வழங்க வேண்டும். மாநில அரசும் துறைமுகச் சங்கங்களும் இதைக் கையில் எடுக்க வேண்டும்.