கண்ணும் குறியீடும்: நீரிழிவு விழித்திரை நோயின் பதிவு வரலாறு

நோய்க்கு மருந்து காண்பதற்கு முன்னர் அந்நோய்க்குப் பெயர் காணல் வேண்டும். பெயர் பெறாத நோய் ஏட்டில் இடம்பெறாது. ஏட்டில் இடம்பெறாதது எண்ணப்படாது. எண்ணப்படாத துன்பத்தைத் தீர்க்க அரசுகள் முன்வருதல் அரிது. நோயாளரின் பதிவேட்டில் எழுதப்படும் குறியீட்டை உயிரற்ற வெறும் எண்ணெனக் கருதுவோர் பலர். நீரிழிவால் வரும் கண்நோயின் வரலாறோ அதற்கு மாறான உண்மையைக் காட்டி நிற்கின்றது.

நீரிழிவு பண்டைக்காலந்தொட்டு மக்கள் அறிந்த நோயாகும். எனினும், அது உயிருள்ள மனிதரின் விழித்திரைக்குச் செய்யும் கேட்டை 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதிவரை எவரும் கண்டிலர். காண்பதற்குரிய கருவி இல்லாமையே காரணம். 1851ஆம் ஆண்டில் யேர்மானிய அறிஞர் ஹெல்ம்ஹோல்ற்ஸ் தாம் அமைத்த கண்நோக்கியைப் பற்றிய நூலை வெளியிட்டார். நான்கு ஆண்டுகள் கழிந்தபின், வியன்னா நகரத்துக் கண்வைத்தியர் எட்வாட் யேகர், நீரிழிவாளர் ஒருவரின் விழித்திரை நடுவில் மஞ்சள் நிறப் புள்ளிகளும் குருதிக் கசிவுகளும் இருத்தலை எடுத்துரைத்தார். அக்காலத்தே பெரும்புகழ் பெற்றிருந்த பேர்லின் நகர வைத்தியர் வொன் கிறேஃபே, அம்மாற்றங்கள் நீரிழிவினால் விளைந்தவை என்பதற்குச் சான்று இல்லை என மறுத்தார். ஒரே கண்ணிற் கண்டதற்கு எப்பெயர் இடுவது என்பதிலேயே அறிஞர் இருவர் மாறுபட்டனர்.

1890இல் ஹேர்ஷ்பேர்க் என்பார் நீரிழிவுக்குரிய விழித்திரை மாற்றங்களை வகைப்படுத்தி எழுதினார். ஆயினும் நீரிழிவாளர் பலர் நெடுங்காலம் வாழாத அந்நாளில் அவற்றின் முழு வடிவம் வெளிப்படவில்லை. 1922ஆம் ஆண்டு முதல் இன்சுலின் நோயாளர்க்கு வழங்கப்பட்டது. அது வாழ்நாளை நீட்டியது; நீண்ட வாழ்நாளோ விழித்திரை நோய் முற்றுவதற்கும் காலம் அளித்தது. 1943இல் கிளாஸ்கோ நகரத்து ஆய்வாளர் பலன்ரைன், லோவன்ஸ்ரைன் ஆகிய இருவரும், விழித்திரையின் மயிர்த்துளைக் குழாய்களில் தோன்றும் நுண்புடைப்புகளை இந்நோயின் அடையாளமாக விளக்கினர்.

இதற்கிடையில் நோய்களை எண்ணும் கலையும் தனிவழியில் வளர்ந்து வந்தது. பிரான்சியப் புள்ளிவிவர அறிஞர் பேர்ற்றியோன் ஆக்கிய இறப்புக் காரணங்களின் பட்டியலை, 1893இல் சிக்காக்கோ நகரிற் கூடிய அனைத்துலகப் புள்ளிவிவரக் கழகம் ஏற்றுக்கொண்டது. 1948இல் அப்பட்டியலின் ஆறாந் திருத்தத்தை உலக சுகாதார நிறுவனம் மேற்கொண்டபோது, இறப்புக்குரிய காரணங்களோடு உயிரோடிருப்போரின் நோய்களும் முதன்முறையாக அதிற் சேர்ந்தன. நீரிழிவு எவரையும் கொல்லாமலே குருடாக்க வல்லது. ஆதலின், இறப்பை மாத்திரம் எண்ணிய பட்டியலில் இக்கண்நோய்க்கு இடமிருக்கவில்லை.

ஆயினும் ஓர் இடர்ப்பாடு நின்றது. இந்நோயை நீரிழிவின் கீழ் எழுதுவதா, கண்நோயின் கீழ் எழுதுவதா? 1975இல் முடிவாகிய ஒன்பதாந் திருத்தம் இதற்கு இரட்டைக் குறிமுறையை வகுத்தது. மூலநோய்க்குக் குத்துவாட் குறியும், அது வெளிப்படும் உறுப்பின் நோய்க்கு உடுக்குறியும் இடப்பட்டன. யேகரும் கிறேஃபேயும் மாறுபட்ட அத்தொடர்பு, அதன்பின் குறியீட்டிலேயே பொறிக்கப்பட்டதாயிற்று.

நோயின் பெயர் மட்டும் போதாது, அதன் படிநிலையும் வேண்டும் என்பதை அமெரிக்க ஆய்வொன்று உணர்த்தியது. 1968இல் வேர்ஜீனியா மாநிலத்து எயர்லி மாளிகையிற் கூடிய அறிஞர், விழித்திரை நிழற்படங்களைத் தரப்படுத்தும் முறை ஒன்றை வகுத்தனர். 1970களின் முற்பகுதியில் 15 வைத்திய நிலையங்களில், 1,700க்கு மேற்பட்ட நோயாளரைக் கொண்டு ஆய்வு தொடங்கியது. ஒவ்வொருவரின் ஒரு கண்ணுக்கு வலிய ஒளிக்கதிராற் சூடிடும் சிகிச்சை அளிக்கப்பட்டது. மறு கண் சிகிச்சையின்றிக் கவனிக்கப்பட்டது. 1976இல் விடை தெளிவாயிற்று. சிகிச்சை பெற்ற கண்களிற் கடும் பார்வையிழப்பு பாதிக்கும் கீழாகக் குறைந்திருந்தது. உடனே ஆய்வின் விதி மாற்றப்பட்டு, பேரிடர் நிலையிலிருந்த மறு கண்களுக்கும் சிகிச்சை வழங்க இடமளிக்கப்பட்டது. எக்கண், எப்படிநிலை என்ற ஒழுங்கான பதிவு இல்லாதிருந்தால் இம்முடிவு கிட்டியிராது.

ஆய்வுக்கென வகுத்த தரமுறை நாளாந்த வைத்தியத்துக்குச் சிக்கலானதாக இருந்தது. ஆதலின் 2003இல் ஐந்து படிகளைக் கொண்ட எளிய அனைத்துலக அளவுமுறை வெளியிடப்பட்டது. அதே ஆண்டில் இங்கிலாந்தில், நீரிழிவாளரின் இரு கண்களையும் நிழற்படமெடுத்துத் தனித்தனியே தரமிடும் தேசியத் திட்டம் தொடங்கியது. பார்வையிழந்தோரைப் பதியும்போது அதன் காரணத்தையும் சான்றிதழில் எழுதும் வழக்கம் அந்நாட்டில் முன்னரே நிலவியது. அச்சான்றிதழ்களை ஆராய்ந்து 2014இல் வெளிவந்த கட்டுரையொன்று, இங்கிலாந்திலும் வேல்சிலும் உழைக்கும் வயதினரின் பார்வையிழப்புக்குக் குறைந்தது ஐம்பது ஆண்டுகளாக முதற் காரணமாயிருந்த நீரிழிவுக் கண்நோய், 2009–2010இல் அவ்விடத்தை இழந்துவிட்டதெனக் காட்டியது. அதற்குரிய காரணங்களுள் ஒன்றாக அத்தேசியத் திட்டத்தை ஆசிரியர்கள் கருதினர்.

ஐக்கிய அமெரிக்க நாடுகளில் 2015 ஒக்டோபரில் நடைமுறைக்கு வந்த பத்தாந் திருத்தக் குறியீடு, 2016 ஒக்டோபரில் மேலும் நுணுக்கமாயிற்று. ‘ஈ 11.3511’ என்னும் குறியீட்டை எடுத்துக்கொள்க. ‘ஈ 11’ என்பது இரண்டாம் வகை நீரிழிவு. 3 என்பது கண்ணிற் கண்ட சிக்கல். 5 என்பது புதிய குருதிக்குழாய்கள் முளைத்த முற்றிய நிலை. அடுத்த 1 மஞ்சட்பொட்டின் வீக்கம். இறுதி 1 வலக்கண். இடக்கண்ணாயின் 2, இரு கண்களுமாயின் 3 எனவரும். ஒரு மனிதரின் நோய்வரலாறே சில எழுத்துகளில் அடங்கிவிடுகின்றது.

ஆயினும் குறியீடு இடுபவர் கண்ணைப் பார்ப்பவர் அல்லர். வைத்தியர் எழுதியதையே பார்ப்பவர். எழுதாததை ஊகித்துச் சேர்க்க அவருக்கு உரிமையில்லை. எக்கண் என்பது குறிப்பில் இல்லையெனின் இறுதியில் அவர் இடவேண்டிய எண் 9. அது நோயைக் கூறும் எண்ணன்று. பார்த்தவர் எழுதாது விட்டமையைக் கூறும் எண்ணாகும். நோயாளருக்கு இரு கண்களும் அரியவை. அவற்றுள் எது இடருற்றது என்பதைப் பதிவேடு அறியாதிருப்பின், அடுத்துவரும் வைத்தியர் ஒருவேளை முதலிலிருந்தே தேடவேண்டியிருக்கும். விழித்திரை நோய் அத்தேடலுக்குக் காத்திருப்பதில்லை. நன்றாகக் காண்பதோடு கண்டதை முற்ற எழுதுவதும் வைத்தியத்தின் பகுதியே என்பது இவ்வரலாறு உணர்த்தும் உண்மையாகும்.