இராகலைக்குச் சென்ற சிறு புகையிரதம்

நானுஓயாவில் இறங்கி நுவரெலியாவுக்குச் செல்லும் பிரயாணி இன்று பஸ்ஸையோ மோட்டார் வண்டியையோ நாட வேண்டியவராகின்றார். முன்னர் அவ்வாறன்று. கொழும்பு வண்டியை விட்டிறங்கியவர் அங்கேயே மற்றொரு சிறு வண்டியிலேறி நுவரெலியாவையும், அப்பால் கந்தப்பளையையும் கடந்து இராகலை வரை செல்லலாம். உடப்புசல்லாவைப் பாதை என வழங்கிய அவ்விருப்புப் பாதையின் கடைசி நிலையம் இராகலையாகும்.

1869ஆம் ஆண்டில் தோன்றிய இலைநோய் கோப்பித் தோட்டங்களை அழித்தபின், மலைச்சரிவுகளைத் தேயிலை ஆட்கொண்டது. 1885இல் பெரும்பாதை நானுஓயாவை எட்டிற்று. ஆயினும் அதற்கப்பாலுள்ள தோட்டங்களின் தேயிலைப் பெட்டிகள் மாட்டுவண்டியில் மலைச்சாலை வழியே வரவேண்டியிருந்தன. இக்குறையை நீக்கவே கிளைப்பாதை பிறந்தது. 1903இல் நுவரெலியாவும், 1904இல் இராகலையும் அதனோடு இணைந்தன.

பெரும்பாதையின் அகலம் 5 அடி 6 அங்குலம். கிளைப்பாதையினதோ 2 அடி 6 அங்குலம் மாத்திரமே. ஒடுங்கிய பாதை மலையின் கூரிய வளைவுகளிலே எளிதாக நெளிந்து செல்லும். வெட்டவேண்டிய மண்ணும் குறைவு, செலவும் குறைவு. இவ்வாறு நெளிந்தேறித்தான் கடல்மட்டத்திலிருந்து 6,300 அடிக்கு மேலுள்ள கந்தப்பளையை அது அடைந்தது. இலங்கையில் அதனினும் உயர்ந்த புகையிரத நிலையம் வேறிருந்ததில்லை.

இந்தச் சிக்கனமே பின்னர் அதற்குப் பகையாயிற்று என்பது என் கருத்து. ஒடுங்கிய பாதையின் வண்டி அகன்ற பாதையில் ஓடாதன்றோ? இராகலையில் ஏற்றிய பெட்டியை நானுஓயாவில் இறக்கி, மீண்டும் பெரிய வண்டியில் ஏற்றவேண்டும். மேலே செல்லும் அரிசி மூட்டைக்கும் இதே கதி. தோளிற் சுமந்து ஏற்றி இறக்கியவர்களின் பெயரை யார் எழுதி வைத்தார்கள்? பெட்டிகளுக்காவது இலக்கமிருந்தது.

தெருக்கள் சீர்பெற்று லொறிகள் பெருகியதும், தொழிற்சாலை வாயிலிலேயே பெட்டியை ஏற்றி நேரே கொண்டுசெல்லலாயிற்று. மெல்ல ஊர்ந்த சிறு வண்டி இப்போட்டிக்கு ஈடுகொடுக்கவில்லை. 1940களில் பாதை மூடப்பட்டது; தண்டவாளங்களும் பெயர்த்தெடுக்கப்பட்டன.

அதே பத்தாண்டிலேதான், 1948இல், இலங்கைக் குடியுரிமைச் சட்டம் நிறைவேறிற்று. அப்பாதையின் இருமருங்கும் கொழுந்து பறித்த தமிழ் மக்களிற் பெரும்பாலோர் அதனால் நாடற்றவராயினர். பாதை போனதற்கும் உரிமை போனதற்கும் தொடர்பொன்றுமில்லை. எனினும் இராகலைத் தோட்டமொன்றில் வாழ்ந்த குடும்பத்திற்கு இரண்டும் ஒரே தலைமுறைக்குள் நேர்ந்தன. எஞ்சியிருந்த இவ்வுரிமைப் பிரச்சினையைத் தீர்க்க, 2003இலும் ஒரு சட்டம் தேவைப்பட்டது.

கந்தப்பளையின் உயரப் பெருமை இன்று பட்டிப்பொலைக்கு உரியது. 6,226 அடி எனும் எண்ணை அங்கே படித்து வியக்கும் பிரயாணிகளுள், முன்னைய நிலையத்தை அறிந்தவர் மிகச் சிலரே.