குற்றமில்லாத தண்டனை, தண்டனையில்லாத குற்றம்

கூரத்தில் மாலை வகுப்பு முடிந்து கிளம்பும்போது ஒரு மாணவி கேட்டாள்: “அக்கா, தண்டனை கொடுத்தா செத்தவங்க திரும்பி வருவாங்களா? அப்புறம் எதுக்குத் தண்டனை கேட்டுப் போராடுறோம்?”

நியாயமான கேள்விதான் தோழர்களே. பதிலை அவள் ஊரிலிருந்தே தொடங்கலாம். ஏழாம் நூற்றாண்டுப் பல்லவ மன்னன் முதலாம் பரமேசுவரவர்மனின் கூரம் செப்பேடு, இவ்வூர்ச் சிவன் கோயில் மண்டபத்தில் பாரதம் வாசிக்க ஏற்பாடு செய்கிறது. அந்தப் பாரதத்தில்தான் ஏகலைவன் வருகிறான். வேடர் குலத்தவன், தானாகவே வில் பயின்றான், கட்டைவிரலை இழந்தான். அவன் செய்த குற்றம் எதுவுமில்லை. பிறப்புக்கே தண்டனை.

மறுபக்கமும் உண்டு. சோழ இளவரசன் ஆதித்த கரிகாலன் கொலை பற்றி, முதலாம் இராசராசன் காலத்து உடையார்குடிக் கல்வெட்டு பேசுகிறது. குற்றவாளிகளில் ‘பிரமாதிராசன்’ பட்டம் பெற்ற பார்ப்பன அதிகாரிகளும் இருந்தார்கள். அவர்களின், உறவினர்களின் நிலங்கள் பறிமுதலானதைத்தான் அது சொல்கிறது. மரண தண்டனை பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை.

மன்னராட்சி போனது. தராசு மாறியதா? 1968 டிசம்பர் 25 இரவு, கூலி உயர்வு கேட்ட கீழவெண்மணி மக்களில் 44 பேர் ஒரே குடிசைக்குள் எரிக்கப்பட்டார்கள். 1970இல் நாகப்பட்டினம் நீதிமன்றம் நிலக்கிழார்கள் 10 பேருக்குப் பத்தாண்டு சிறை விதித்தது. 1973இல் உயர் நீதிமன்றம் அவர்களை விடுவித்தது. கார் வைத்திருக்கும் பணக்காரர்கள் தாங்களே வந்து தீ வைத்திருப்பார்கள் என்று அது நம்பவில்லை. 1980இல், வழக்கின் முதன்மைக் குற்றவாளியாக இருந்த கோபாலகிருஷ்ண நாயுடு வெட்டிக் கொல்லப்பட்டார்.

சட்டம் கைவிட்ட இடத்தில் பழி வந்து நின்றது. பழி ஓர் ஆளை முடித்துவிடும். ஆனால் 44 பேருக்கு நடந்ததற்கு இன்னார் பொறுப்பு என்று எந்த நீதிமன்ற ஏட்டிலும் அது எழுதாது.

அம்பேத்கர் தலைமையிலான குழு வரைந்த அரசியலமைப்பின் 17ஆம் பிரிவு, தீண்டாமையை ஒழித்ததோடு நிற்கவில்லை. அதைச் செய்வது சட்டப்படி தண்டிக்கத்தக்க குற்றம் என்றும் சொன்னது. அதுவரை தீட்டுப் பார்த்தவர் ஆசாரமானவர். அதன்பிறகு அவர் குற்றவாளி.

அந்த மாணவிக்கு இதைத்தான் சொன்னேன்: போன உயிர் வராது, தங்கச்சி. இந்த உயிரை எடுத்தது குற்றம்தான் என்று ஊரறிய அரசு ஒப்புக்கொள்வதே தண்டனை. நாம் கேட்பது கூடுதல் தண்டனை அல்ல. எல்லோருக்கும் ஒரே அளவுகோல்.

அடுத்த வாரம் 1989ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தைச் சேர்ந்து வாசிக்கிறோம்.

ஜெய்பீம்.