பயிர்க் காவலுக்குத் துப்பாக்கி: எந்த அளவு, யாருக்கு, எங்கே செல்லும்?

வேர்க்கடலைக் கொல்லையைக் காட்டுப்பன்றி ஒரே இரவில் கிளறிப் போட்டுவிடுகிறது. கதிர் முற்றும் நேரத்தில் மயில் கூட்டம் நெல்லில் இறங்குகிறது. தாம்பரம், வண்டலூர், படப்பை, மணிமங்கலம் பக்கத்து விவசாயிகள் பலர் கேட்கும் கேள்வி இது: "பயிரைக் காக்க ஒரு துப்பாக்கி வாங்கினால் என்ன? .22 போதுமா, .315 வேண்டுமா, பன்னிரண்டு போர் நல்லதா?"

சுருக்கமான பதில்: பயிர்க் காவலுக்கு எந்தத் துப்பாக்கி என்பதைச் சட்டமே சொல்லியிருக்கிறது. அது ரைபிள் அல்ல. துப்பாக்கி உரிமம் வேறு, விலங்கைச் சுடும் அனுமதி வேறு. ஒன்று கையில் இருந்தால் மற்றொன்று தானாக வந்துவிடாது. பணம் கட்டும் முன் இந்த விவரங்களைத் தெரிந்துகொள்ளுங்கள்.

சட்டம் என்ன சொல்கிறது?

1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 13ஆவது பிரிவு பயிர்ப் பாதுகாப்பைப் பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது. உண்மையான பயிர்க் காவலுக்கு உரிமம் தரத்தக்கது, குழலின் வாய் வழியாக மருந்து கெட்டிக்கும் நாட்டுத் துப்பாக்கி. அது போதாது என்று உரிமம் வழங்கும் அதிகாரி கருதினால், 20 அங்குலத்துக்குக் குறையாத குழல் கொண்ட, உள்ளே வரிப்பள்ளம் இல்லாத வழுவழுப்பான குழல் துப்பாக்கிக்கு உரிமம் தரலாம். நம் ஊரில் 'பன்னிரண்டு போர்' என்று சொல்லும் தோட்டாத் துப்பாக்கி இந்த வகைதான்.

ரைபிளுக்கு உரிமம் கேட்க வழியே இல்லை என்பதல்ல. அதற்குத் தக்க காரணம் இருப்பதாக அதிகாரி ஏற்க வேண்டும். பயிர்ச் சேதத்தை மட்டும் காட்டி ரைபிள் கேட்பவருக்கு இந்தப் பிரிவு கைகொடுக்காது.

அளவுகளைப் புரிந்துகொள்வது எப்படி?

பன்னிரண்டு போர்: குழலின் உள்வாய்க்குச் சரியாகப் பொருந்தும் ஈயக் குண்டுகள் பன்னிரண்டு சேர்ந்தால் ஒரு பவுண்டு எடை இருக்கும். பெயர் வந்தது அப்படித்தான். உள்விட்டம் சுமார் 18.5 மில்லிமீட்டர். தோட்டாவுக்குள் ரவைகள் இருக்கும். ரவையின் எண் கூடக்கூட ரவை சிறிதாகும். எல்.ஜி., எஸ்.ஜி. என்பவை பெரிய குண்டுகள். சிறு ரவை 35, 40 மீட்டருக்குள்தான் பலன் தரும்.

.22 ரைபிள்: சிறிய தோட்டா, குண்டின் எடை சுமார் 2.6 கிராம். இலக்குப் பயிற்சிக்கு ஏற்றது. காட்டுப்பன்றியை இதனால் சுட்டால் அது சாகாமல் காயத்தோடு ஓடும். காயம்பட்ட பன்றி ஆளைத் தாக்கும்.

.315 ரைபிள்: 8 மில்லிமீட்டர் குண்டு, எடை சுமார் 16 கிராம். மேற்கு வங்கத்தின் இஷாப்பூர் ரைபிள் தொழிற்சாலையில் செய்யப்படுவது. ராணுவம் பயன்படுத்திய .303 பொதுமக்களுக்குத் தடை செய்யப்பட்ட அளவு என்பதால், அதே போன்ற அமைப்பில் வேறு தோட்டாவுக்கு ஏற்றபடி வந்தது இது.

.30-06 ரைபிள்: இதுவும் இஷாப்பூர் தயாரிப்பில் உண்டு. பெரிய விலங்குக்கு ஏற்ற வலு கொண்டது.

தடை செய்யப்பட்ட அளவுகள்: .303, 7.62, 9 மில்லிமீட்டர் போன்றவை. யாராவது மலிவாகத் தருவதாகச் சொன்னாலும் தொட வேண்டாம். தடை செய்யப்பட்ட ஆயுதம் வைத்திருந்தால் தண்டனை ஏழு ஆண்டு சிறையிலிருந்து தொடங்கும். உரிமம் இல்லாத சாதாரணத் துப்பாக்கிக்கே இரண்டு முதல் ஐந்து ஆண்டு வரை சிறை.

ஏர் கன்: .177 அளவுக்குள், குறைந்த வேகமுள்ள ஏர் கன்னுக்கு உரிமம் தேவையில்லை. ஆனால் அதைக் கொண்டு மயிலையோ மற்றக் காட்டுப் பறவையையோ சுட்டால் அது வேட்டைக் குற்றமே.

குண்டு எங்கே போய் விழும்?

புறநகர் விவசாயி முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான். பன்னிரண்டு போர் சிறு ரவை அதிகபட்சம் 200, 250 மீட்டரில் விழுந்துவிடும். எல்.ஜி. போன்ற பெரிய குண்டு 600, 700 மீட்டர் வரை போகும். .22 குண்டோ ஒன்றரை கிலோமீட்டர் வரை போகக்கூடியது. .315, .30-06 குண்டுகள் இரண்டு, மூன்று கிலோமீட்டரைத் தாண்டும்.

2021 டிசம்பர் 30 அன்று புதுக்கோட்டை மாவட்டம் நார்த்தாமலை அருகே, பாதுகாப்புப் படையினர் பயிற்சி எடுத்த துப்பாக்கி சுடும் தளத்திலிருந்து தவறிப் போன குண்டு, ஒரு கிலோமீட்டருக்கும் மேல் தள்ளி இருந்த வீட்டில் ஒரு சிறுவனின் தலையில் பாய்ந்தது. சில நாளில் அவன் இறந்தான். பயிற்சி பெற்றவர்கள், பயிற்சிக்கென்றே அமைந்த இடத்தில் சுட்டபோதே இது நடந்தது.

இப்போது நம் பக்கத்தை எண்ணிப் பாருங்கள். நான்கு ஏக்கர் நெல், அதை ஒட்டி மனைப் பிரிவு, அதற்கு அப்பால் அடுக்குமாடி வீடு, கல்லூரி, வண்டலூர்-வாலாஜாபாத் சாலை. ஏரிக்கரையிலிருந்து இருட்டில் சுடும் ரைபிள் குண்டு யார் வீட்டு மாடியில் போய் நிற்கும் என்று எவராலும் சொல்ல முடியாது. தரை சமமாக இருக்கும் இந்தப் பகுதிக்கு ரைபிள் எந்த அளவிலும் பொருந்தாது.

உரிமம் இருந்தால் பன்றியைச் சுடலாமா?

கூடாது. 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின்படி வேட்டை தடை செய்யப்பட்டது. 2022 திருத்தத்துக்குப் பின் காட்டுப்பன்றி இரண்டாம் அட்டவணையில் இருக்கிறது. மயில் முதல் அட்டவணை. மயிலைக் கொன்றால் மூன்று முதல் ஏழு ஆண்டு வரை சிறை.

நிற்கும் பயிருக்கு ஆபத்தான இரண்டாம் அட்டவணை விலங்கைக் கொல்ல, 11ஆவது பிரிவின் கீழ் தலைமை வன உயிரினக் காப்பாளரோ அவர் அதிகாரம் தந்த அலுவலரோ எழுத்து மூலம் உத்தரவிடலாம். அந்த உத்தரவு இல்லாமல் சுடுவது, உரிமம் பெற்ற துப்பாக்கியானாலும், குற்றம். அப்படிச் சுட்ட பன்றியின் உடலும் அரசுச் சொத்து. கறியாகப் பங்கு போட முடியாது.

"கேரளாவில் சுடுகிறார்களே" என்று சிலர் கேட்கிறார்கள். அங்கே 2022 முதல் உள்ளாட்சித் தலைவர்களுக்கு அனுமதி தரும் அதிகாரம் கொடுக்கப்பட்டு, உரிமம் பெற்ற துப்பாக்கிக்காரர்களைக் கொண்டு சுடுகிறார்கள். தமிழ்நாட்டில் ஏற்பாடு வேறு.

தமிழ்நாட்டின் 2025 நடைமுறை

2025 ஜனவரியில் அரசு அறிவித்தபடி, காப்புக்காட்டிலிருந்து உள்ள தூரமே கணக்கு.

* 1 கிலோமீட்டருக்குள்: காட்டுப்பன்றியைச் சுட அனுமதி இல்லை.
* 1 முதல் 3 கிலோமீட்டர் வரை: பிடித்துக் காப்புக்காட்டில் விடப்படும்.
* 3 கிலோமீட்டருக்கு அப்பால்: சேதம் உறுதியானால், பயிற்சி பெற்ற வனத்துறையினர் சுடலாம்.

கிராம நிர்வாக அலுவலர், ஊராட்சித் தலைவர், வனத்துறை அலுவலர் அடங்கிய குழு இதைப் பரிசீலிக்கும். எந்த நிலையிலும் சுடுவது விவசாயி அல்ல.

தாம்பரம் வட்டாரத்தில் வண்டலூர், நன்மங்கலம் காப்புக்காடுகள் உள்ளன. அவற்றைச் சுற்றி 3 கிலோமீட்டருக்குள் இருக்கும் நிலத்தில் சுடுவது என்ற பேச்சுக்கே இடமில்லை. உங்கள் சர்வே எண் எத்தனை தூரத்தில் வருகிறது என்பதை வனச்சரக அலுவலகத்தில் முதலில் கேட்டுக்கொள்ளுங்கள்.

பிறகும் உரிமம் வேண்டும் என்றால்

தாம்பரம் மாநகரக் காவல் ஆணையரக எல்லைக்குள் இருப்பவர்கள் காவல் ஆணையரிடமும், எல்லைக்கு வெளியே இருப்பவர்கள் மாவட்ட ஆட்சியரிடமும் விண்ணப்பிக்க வேண்டும். வயது 21 நிறைந்திருக்க வேண்டும். காவல்துறை விசாரணை, மருத்துவச் சான்று, துப்பாக்கியைக் கையாளும் பயிற்சி, பூட்டிவைக்கும் வசதி ஆகியவை பார்க்கப்படும். 2019 திருத்தப்படி உரிமம் ஐந்து ஆண்டுக்குச் செல்லும். ஒருவர் இரண்டு துப்பாக்கிக்கு மேல் வைத்திருக்க முடியாது. தேர்தல் காலத்தில் காவல் நிலையத்தில் ஒப்படைக்கச் சொல்வார்கள். நிலம் உங்கள் அனுபவத்தில் இருப்பதற்கான சிட்டா, அடங்கல், சேதப் படங்கள் ஆகியவற்றை இணையுங்கள்.

இவ்வளவும் செய்து வாங்கிய துப்பாக்கியால் இந்தப் பகுதியில் பெரும்பாலும் வெறும் சத்தம்தான் போட முடியும். சத்தத்துக்கு இவ்வளவு செலவு தேவையா என்று யோசியுங்கள்.

செலவைத் திருப்ப வேண்டிய இடம்

* காட்டுப்பன்றி வேலிக்கு அடியில் மண்ணைத் தோண்டித்தான் நுழையும். கம்பி வலை வேலியை ஒரு அடி ஆழம் மண்ணில் புதைத்துக் கட்டுங்கள்.
* வேர்க்கடலையைச் சுற்றி ஆமணக்கு அல்லது குசும்பாவை நான்கு வரிசை நெருக்கமாக விதைக்கலாம்.
* மயிலுக்கு, கதிர் வரும்போதே மினுங்கும் நாடாவை வயலின் குறுக்கே கட்டி, சில நாளுக்கு ஒருமுறை இடம் மாற்றுங்கள்.
* சூரிய மின்வேலி அமைப்பதானால் 2023 விதிகளைப் பாருங்கள். காப்புக்காட்டை ஒட்டிய நிலத்துக்கு வனத்துறை அனுமதி வேண்டும்.
* வீட்டு மின்சாரத்தை நேராகக் கம்பியில் விடுவது, அவுட்டுக்காய் வைப்பது இரண்டும் வேண்டவே வேண்டாம். இதில் சாவது பெரும்பாலும் பக்கத்து வயல்காரர், ஆடு மாடு மேய்ப்பவர், சில நேரம் வைத்தவரே.
* சேதம் நடந்த அன்றே படம் எடுத்து, கிராம நிர்வாக அலுவலருக்கும் வனச்சரகருக்கும் எழுத்து மூலம் மனுக் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கான ஒப்புகை வாங்குங்கள். இழப்பீட்டுக்கும், பன்றியைப் பிடிக்கும் நடவடிக்கைக்கும் அந்த மனுதான் ஆதாரம்.

ஊரில் பத்துப் பேர் சேர்ந்து ஒரே மனுவாகக் கொடுத்தால், குழு நேரில் வந்து பார்க்கும் வாய்ப்பு கூடும்.