வளைந்து சென்ற துறப்பணம்

ஆற்றின் குறுக்கே நிலத்தடிக் குழாய் பதிக்க வேண்டுமாயின் படுகையை அகழ்ந்தே தீரவேண்டும் என்பது நெடுங்காலம் பொறியியலாளரின் முடிபாக இருந்தது. அகழ்ந்தால் கரை சரியும், நீர் கலங்கும், அடுத்த வெள்ளம் மூடிய மண்ணை அரித்துக் குழாயை வெளிக்கொணர்தலும் உண்டு.

வீதிக்கும் புகையிரதப் பாதைக்கும் மாற்றுவழி முன்னரே பிறந்துவிட்டது. அமெரிக்காவின் நார்தர்ன் பசிபிக் புகையிரதக் கம்பனி, 19ஆம் நூற்றாண்டின் இறுதியாண்டுகளில், பாதையோரக் குழியிலிருந்து கொங்கிறீற்றுக் குழாய்களைப் பாதையின் அடியே தள்ளிச் செலுத்தியது. பின்னர், உருக்குக் குழாயினுள் திருகுத் துறப்பணம் சுழன்று மண்ணை வெளியேற்ற, குழாய் முன்னேறும் முறை எழுந்தது. மேலே வண்டி ஓட, கீழே வேலை நடந்தது. ஆனால் இம்முறைகள் அறிந்தது நேர்கோடு ஒன்றே. துறப்பணம் சற்று விலகினாலும் அது குற்றமாகவே எண்ணப்பட்டது.

அக்குற்றத்தையே குணமாக்கியவர் மார்ட்டின் செரிங்டன். அவர் கலிபோர்ணியாவில் வீதிகளின் அடியே துளையிடும் ஒப்பந்தக்காரர். அதே மாநிலத்தின் ஹன்டிங்டன் கடற்கரையில், எண்ணெய்க் கிணறு தோண்டுவோர் 1930களிலேயே கரையில் நின்று துளையைக் கடலடி நோக்கிச் சாய்த்திருந்தனர். அக்கலையைப் படுக்கையாகக் கிடத்தினால் ஆற்றையும் கடக்கலாமன்றோ? 1971இல் பசிபிக் காஸ் அன்ட் எலக்ட்ரிக் கம்பனிக்காக, வாட்சன்வில் நகருக்கருகே பஹரோ ஆற்றின் கீழ், 4 அங்குல விட்டமுடைய எரிவாயுக் குழாய் ஏறத்தாழ 600 அடி நீளத்துக்குப் பதிக்கப்பட்டது. ஆற்றில் எவரும் மண்வெட்டி வைக்கவில்லை.

இம்முறை பின்னர் நிலைபெற்ற வடிவம் வியப்புக்குரியது. துளைகோலின் முனையருகே சிறு கோணல் உண்டு. கோலைச் சுழற்றாது தள்ளினால் அது கோணிய திசையிலே செல்லும். அப்போது முனையிலுள்ள துறப்பணத்தைச் சுழற்றுவது, பென்ரோனைற்று என்னும் களிமண் கலந்த கூழின் வேகமே. அக்கூழே வெட்டிய மண்ணை வெளியேற்றுகிறது. துளை இடிந்துவிடாமலும் தாங்குகிறது. கோல் மறுகரையில் தலைகாட்டியதும் அகன்ற வெட்டியொன்றைப் பூட்டித் துளையைப் பெருப்பிப்பர். இறுதியில், ஒட்டிவைத்த உருக்குக் குழாய் முழுவதையும் அத்துளை வழியே இழுத்தெடுப்பர்.

உருக்கு வளையுமோ என நேயர்கள் ஐயுறலாம். மெல்ல வளைத்தால் வளையும். விட்டத்தின் ஒவ்வோர் அங்குலத்துக்கும் வளைவின் ஆரம் 100 அடி என்பது பொறியியலாளரின் கைக்கணக்கு. 4 அங்குலக் குழாய்க்கு 400 அடி போதும். 24 அங்குலமாயின் 2,400 அடி வேண்டும். ஆகவே பெருங்குழாய்க்குச் சிற்றாறுங்கூட நீண்ட பயணமாகிவிடும்.

இன்று ஒரு மைலுக்கு மேற்பட்ட தூரமும் இவ்வாறு கடக்கப்படுகிறது. எனினும் ஆறு முற்றிலும் தப்பியதென்று கூறவியலாது. கூழின் அழுத்தம் மிகுந்தால், அது மேலுள்ள மண்ணைப் பிளந்து படுகையிற் கசியும். அது நஞ்சன்று; ஆனால் மீன் முட்டையிடும் கூழாங்கற்களின் இடுக்குகளை அடைத்துவிடும். அதனால் துளைக்குள் அழுத்தத்தை இடையறாது அளக்கின்றனர். கரையில் ஆட்கள் நின்று நீரின் நிறத்தையும் பார்த்துக்கொண்டிருக்கின்றனர்.