ஒளியின் வேகம்: ஓர் எல்லையும் ஒரு வினாவும்

பால்மரத்தைச் சீவிய பின்னரே பால் வடியும். பேராக் மாநிலத்து இரப்பர்த் தோட்டங்களில் வாழ்ந்த நம் முன்னோர் நாள்தோறும் கண்ட ஒழுங்கு இது: காரணம் முன், காரியம் பின். ஒளியை விஞ்சிச் செல்ல எதனாலும் இயலாது என்னும் கொள்கை இவ்வொழுங்கோடு பிணைந்தது. அக்கொள்கையின் வரலாற்றையும், சென்னையில் பயின்ற அறிஞர் ஒருவர் அதன்மீது எழுப்பிய வினாவையும் இங்குக் காண்போம்.

ஒளி பரவக் காலம் வேண்டும் என்பதை 1676இல் டென்மார்க்கு வானியலாளர் ரோமர், வியாழனின் துணைக்கோளாகிய அயோ மறையும் நேரங்களைக் கொண்டு உணர்த்தினார். வெற்றிடத்தில் ஒளி நொடிக்கு 2,99,792.458 கிலோமீட்டர் செல்லும். ஈப்போவிலிருந்து கோலாலம்பூரை அடைய அதற்கு ஒரு நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்கும் வேண்டா.

சீரான வேகத்தில் செல்லும் நோக்கர் அனைவரும் இவ்வேகத்தை ஒன்றாகவே அளப்பர் என்பதை 1905இல் ஐன்ஸ்டைன் அடிப்படையாகக் கொண்டார். அதிலிருந்து இரு முடிவுகள் பிறந்தன. நிறையுள்ள பொருளை ஒளியின் வேகத்திற்கு உயர்த்த எல்லையற்ற ஆற்றல் வேண்டும். ஆதலால் அஃது இயலாது. மேலும், ஒளியை விஞ்சும் ஒன்றால் இணைக்கப்பட்ட இரு நிகழ்வுகளின் முன்பின் வரிசை நோக்கருக்கு நோக்கர் மாறக்கூடும். சீவுமுன் பால் வடிந்தது போன்ற நிலை அது.

கோட்டயத்தை அடுத்த பள்ளத்தில் 1931இல் பிறந்து, சென்னைக் கிறித்துவக் கல்லூரியில் பயின்றவர் ஈ. சி. ஜி. சுதர்சன். 1962இல் பிலானியுக், தேசுபாண்டே ஆகியோருடன் அவர் எழுதிய கட்டுரை, விதி எதனைத் தடுக்கிறது என வினவியது. விதி தடுப்பது எல்லையைக் கடப்பதை. எல்லைக்கு அப்பாலேயே தோன்றும் துகளை அன்று. ஒளித்துகளும் முடுக்கப்பட்டு அவ்வேகத்தை அடைவதில்லை. தோன்றும்போதே அவ்வேகத்துடன் தோன்றுகிறது. இக்கற்பனைத் துகளுக்கு 1967இல் ஃபைன்பர்க் 'டாக்கியான்' எனப் பெயரிட்டார். 'விரைவான' என்னும் பொருளுடைய கிரேக்கச் சொல்லடியாகப் பிறந்த பெயர் அது.

வரிசை மாறும் இடர்ப்பாட்டிற்கும் சுதர்சன் குழுவினர் விடை கூறினர். காலத்தில் பின்னோக்கிச் செல்வதாகத் தோன்றும் துகளை, எதிர்த்திசையில் முன்னோக்கிச் செல்வதாகக் கொள்ளலாம். ஒரு நோக்கருக்கு அனுப்பியவராகத் தோன்றுபவர் மற்றொரு நோக்கருக்குப் பெற்றவராகத் தோன்றுவார். மொழியியல் நோக்கில் இங்கு ஒரு தடை எழுகிறது. 'அவன் கொடுத்தான்' என்பதை 'இவன் பெற்றான்' எனக் கூறினும் கொடுத்தவன் மாறுவதில்லை. 1970இல் பென்ஃபோர்டு, புக், நியூகோம் ஆகிய மூவர் எழுப்பிய மறுப்பும் இத்தகையதே. துகளின் திசையை மாற்றிக் கூறலாம். ஒரு செய்தியை இயற்றியவர் யார் என்பதை மாற்றிக் கூற இயலாது.

டாக்கியான் இதுகாறும் கண்டறியப்படவில்லை. எல்லை நிலைத்தே நிற்கிறது. எனினும் சுதர்சனின் வினா வீணன்று. விதியை மனப்பாடமாக ஒப்புவிக்கும் மாணவர், அது எதனைத் தடுக்கிறது, எதனைத் தடுக்கவில்லை என்று கேட்கத் தொடங்கும்போதுதான் அறிவியல் தமிழ் நம் வகுப்பறைகளில் வேரூன்றும்.